இரண்டுக்கும் பதிவு உண்டு, சேர்க்கைக்கு இல்லை: மருத்துவச் சாதன ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய மருத்துவச் சாதன ஆணையத்தின் தலைமைச் செயல்முறை அதிகாரி அவர்களுக்கும் பதிவுப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒரு நோயாளியின் தலைமாட்டில் நின்று இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் காட்டும் மானிட்டர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடினால் உடனே விடை கிடைக்கிறது. கருவியின் பெயர், பதிவெண், அதைக் கொண்டுவந்த நிறுவனம் எல்லாம் தெரிகின்றன. அந்த மானிட்டரில் செருகியிருக்கும் மாட்யூல் (ஓர் அளவை எடுக்கும் சிறு பெட்டி), அதே மானிட்டரோடும் அதில் இப்போது ஓடும் மென்பொருள் பதிப்போடும் சேர்த்துச் சோதிக்கப்பட்டதா என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. அந்த விடையைப் பொதுவில் வையுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். மலாய் மொழியில் எழுதிய படி ஒன்றைச் சைபர்ஜெயாவிலுள்ள உங்கள் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அந்த மானிட்டரின் முன்னால் படுத்திருக்கும் எங்கள் மக்களும் விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்காரன். மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, ரத்தச் சுத்திகரிப்பு மையம் என்று வட மாநிலங்களில் அழைக்கிற இடத்துக்கெல்லாம் போகிறேன். என் பெற்றோர் பால்மரம் சீவியவர்கள். தோட்டத்தில் டிரெஸர் (மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் காய்ச்சலும் வெட்டுக்காயமும் பிள்ளைப்பேறும் தோட்டத்து மருந்தகத்திலேயே முடிந்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. மக்கள் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறினார்கள், அந்தச் சிறு மருந்தகங்களும் மூடப்பட்டன. இன்று தோட்டப்புற நகரங்களில் நெஞ்சு வலி என்றால் முதலில் போவது அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்குத்தான். அங்கே உயிரைப் பிடித்து நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நீரிழிவைத் தொடர்ந்து இதயமும் சிறுநீரகமும் கெடும். ஆகவே மானிட்டரோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்கும் வாய்ப்பு எங்கள் குடும்பங்களுக்குக் கூடுதல். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அவர்கள் நம்பியிருப்பது சிறிய மருத்துவமனையின் பழைய மானிட்டரை.

தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இப்போதைய மானிட்டர்கள் பல ஒரே பெட்டியாக வருவதில்லை. திரை, மின்வழங்கி, கணிப்பான் ஆகியவை அடங்கிய தாய்க்கருவி ஒன்று. அதன் பக்கத்திலோ தனிச் சட்டத்திலோ செருகுகிற சிறு பெட்டிகள் சில. அவற்றைத்தான் மாட்யூல் என்கிறோம். இ.சி.ஜி.க்கு, ஆக்சிஜன் செறிவுக்கு, கைப்பட்டை ரத்த அழுத்தத்துக்கு, தமனிக்குள் குழாய் செருகி அளக்கும் அழுத்தத்துக்கு, மூச்சிலுள்ள கரியமில வாயுவுக்கு என்று தேவைக்கேற்ப மாட்யூல்கள் உண்டு. நோயாளியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்போது கழற்றி எடுத்துக்கொள்ளும் மாட்யூலும் இருக்கிறது. அதற்கே ஒரு சிறு திரை இருக்கும்.

இந்த அமைப்பை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். சிறிய மருத்துவமனைக்கு இது பெரிய வரம். திரையும் கணிப்பானும் பல ஆண்டுகள் உழைக்கும். ரத்த அழுத்த மாட்யூலின் காற்றுப் பம்பு அதற்கு முன்பே தேய்ந்துவிடும். தினமும் பல முறை செருகிப் பிடுங்குவதால் இணைப்பு முனைகள் தளர்ந்துவிடும். முழு மானிட்டரையும் தூக்கி எறியாமல் ஒரு மாட்யூலை மட்டும் மாற்ற முடிவதால்தான் பல வார்டுகளில் இன்னும் மானிட்டர் ஓடுகிறது. இந்த மடலைப் படித்துவிட்டு மாட்யூல் முறைக்கே கட்டுப்பாடு போடலாம் என்று யாரேனும் நினைத்தால், அதனால் முதலில் அடிபடுவது எங்கள் ஊர்களே.

ஆனால் பிரித்துச் செய்த கருவியில் பாதுகாப்பும் பிரிந்துதான் கிடக்கிறது. அதை எங்கே தேடுவது என்பதே என் கவலை.

கசிவு மின்னோட்டத்தை, அதாவது கருவியிலிருந்து நோயாளியின் உடலுக்குள் கசியும் மின்சாரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்தோடு நேரடித் தொடர்பு கொள்ளக்கூடிய இணைப்புக்கு, எல்லாம் சரியாக இருக்கும் நிலையில், 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் கசியக்கூடாது என்கிறது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60601-1 தரநிலை. ஏதேனும் ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 50 வரை. இதயத்துக்குள் போகும் குழாய் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டமும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் இவ்வளவு கண்டிப்பு. ஒரு நோயாளியின் உடலில் ஒரே நேரத்தில் இ.சி.ஜி. கம்பிகளும், தமனிக் குழாயும், இன்னொரு சிரைக் குழாயும் இருக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனி மாட்யூலுக்குப் போகலாம். ஒவ்வொரு மாட்யூலும் தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்கும், ஆனால் கசிவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும். அதனால்தான் அதே தரநிலை எல்லா இணைப்புகளையும் சேர்த்து அளக்கும் மொத்தக் கசிவுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறது: இயல்பான நிலையில் 50, ஒரு பழுது நிலையில் 100. இந்த மொத்தத்தைத் தனி மாட்யூலைக் கையில் வைத்துக்கொண்டு அளக்க முடியாது. எந்தச் சட்டத்தில், எத்தனை மாட்யூல்களோடு, எந்தத் தாய்க்கருவியோடு என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

எச்சரிக்கை ஒலி இதைவிடச் சிக்கலானது. பல அமைப்புகளில் அளப்பது மாட்யூல், ஒலி எழுப்புவது தாய்க்கருவி. ஆக்சிஜன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மாட்யூலா, தாய்க்கருவியா? அது எவ்வளவு அவசரமானது என்று முடிவு செய்வது யார்? ஒலி எழுப்பச் சொல்லும் செய்தி எந்த வடிவில் போகிறது? இவையெல்லாம் இரு பக்க மென்பொருளும் ஒத்துப்போனால் மட்டுமே ஒழுங்காக நடக்கும். ஐ.இ.சி. 60601-1-8 எச்சரிக்கைகளின் தரநிலை. பல அளவுகளை ஒருங்கே காட்டும் மானிட்டர்களுக்கென்று 60601-2-49 இருக்கிறது. இவற்றின்படி சோதனை நடப்பது ஒரு குறிப்பிட்ட சேர்க்கையில். அந்தச் சேர்க்கை வார்டில் நிலைத்திருக்கிறதா என்பதைச் சோதனைச் சான்றிதழ் சொல்லாது.

வடக்கே ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். பழைய மானிட்டர் ஒன்றின் ஆக்சிஜன் மாட்யூல் செயலிழந்துவிட்டது. விநியோகஸ்தர் அதே குடும்பத்தைச் சேர்ந்த புதிய தலைமுறை மாட்யூலைக் கொடுத்தார். செருகியதும் கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் எண் வந்தது, அலை வந்தது. மிஸ்ஸிகளுக்கு, அதாவது தாதியருக்கு, நிம்மதி. நான் வழக்கம்போல நோயாளியைப் போல நடிக்கும் சோதனைக் கருவியை மாட்டி, ஆக்சிஜன் செறிவை மெல்ல இறக்கினேன். திரையில் எண் இறங்கிக்கொண்டே போனது. ஒலி வரவில்லை. தாய்க்கருவியின் மென்பொருள் பழைய பதிப்பு. புதிய மாட்யூல் அனுப்பிய எச்சரிக்கையை அது புரிந்துகொள்ளவில்லை. தனக்குத் தெரியாத மாட்யூலை ஏற்க மறுத்துத் திரையில் சொல்லிவிடுவதே நல்ல வடிவமைப்பு. இந்த மானிட்டர் அப்படி மறுக்கவும் இல்லை. இரவுப் பணியில் ஒரே ஒரு மிஸ்ஸி பல படுக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டு அது. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஒலியை நம்பித்தான் அடுத்த படுக்கைக்குப் போவார்.

விநியோகஸ்தரிடம் கேட்டேன். தாய்க்கருவிக்குப் பதிவுச் சான்றிதழ் காட்டினார், மாட்யூலுக்கும் காட்டினார். இரண்டும் செல்லுபடியாகும் சான்றிதழ்கள், அவர் பொய் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று சொல்லும் தாள் மட்டும் அவரிடம் இல்லை. அது உற்பத்தியாளரின் பராமரிப்பு ஏட்டில், எங்கோ ஓர் அட்டவணையில் இருந்தது. அந்த ஏடு மருத்துவமனையிடம் இல்லை.

உங்கள் சட்டம் இந்த விஷயத்தில் குருடு என்று நான் சொல்லவில்லை. 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம், அதாவது சட்டம் 737, 2013 ஜூன் 30 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் எந்தக் கருவியும் எப்படியும் நாட்டுக்குள் வந்துவிடலாம் என்ற நிலை இருந்தது. இன்று பதிவில்லாத கருவியை இறக்குமதி செய்வதும் சந்தையில் விடுவதும் குற்றம். ஆபத்தின் அளவை வைத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகள் வைத்திருக்கிறீர்கள். மாறினால் உடனடியாக உயிருக்கு ஆபத்து வரக்கூடிய உடலியல் அளவுகளைக் கண்காணிக்கும் மானிட்டர், சி வகுப்பில் சேர்கிறது. விண்ணப்பம் உங்களிடம் வருமுன் இணக்க மதிப்பீட்டு அமைப்பு ஒன்று கோப்பைப் பார்க்கிறது. ஒன்றாகப் பயன்படுத்த வடிவமைத்த பல உறுப்புகளை ஓர் அமைப்பு என்ற பெயரில் ஒரே விண்ணப்பத்தில் பதிவு செய்ய வழி இருக்கிறது. பதிவுக்குப் பிறகு நடக்கும் மாற்றங்களுக்கு மூன்று நிலைகள்: புதிய பதிவே தேவைப்படும் மாற்றம், உங்கள் ஒப்புதலுக்குப் பிறகு செய்ய வேண்டிய மாற்றம், செய்துவிட்டு அறிவித்தால் போதும் என்ற மாற்றம். விண்ணப்பக் கோப்பில், இந்தக் கருவி எவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் என்ற விவரமும் கேட்கப்படுகிறது.

ஆக, நான் தேடும் தகவலின் பெரும்பகுதி ஏற்கெனவே உங்களிடம் வந்துவிட்டது. அது கோப்பில் உறங்குகிறது. கருவியைச் செருகுகிறவரின் கைக்கு அது வந்து சேரவில்லை என்பதுதான் என் முறையீடு.

உற்பத்தியாளர்கள் வணிக இரகசியம் என்பார்கள். எந்தத் தாய்க்கருவி, எந்த மாட்யூல், எந்த மென்பொருள் பதிப்பு என்ற அட்டவணையில் இரகசியம் எதுவும் இல்லை. மாட்யூலின் உள்ளே சுற்று எப்படி அமைந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 செப்டம்பரில், ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் மருத்துவக் கருவிகள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கருவியின் இணைப்பு முகம் எதற்காக, எவற்றோடு, எந்த வரம்புக்குள் பயன்படும் என்பதைப் பயனாளருக்கு உரிய தகவலில் சொல்லும்படி அது பரிந்துரைக்கிறது. அங்கே விற்பவர்களும் இங்கே விற்பவர்களும் பெரும்பாலும் அதே நிறுவனங்கள்தாம். அங்கே சொல்ல முடிந்ததை இங்கே சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மாட்யூலோடு நின்றுவிட முடியாது, விரலில் மாட்டும் சென்சாருக்கும் வருகிறேன். எங்கள் மக்களுக்கு இதுவே மிக நெருக்கமான விஷயம்.

ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை விரலிலேயே அளப்பதற்கு, ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974-இல் வெளியிட்ட முறையே இன்றும் அடிப்படை. சிவப்பு ஒளி ஏறக்குறைய 660 நானோமீட்டர், அகச்சிவப்பு ஏறக்குறைய 940. இரண்டையும் விரலில் பாய்ச்சி, துடிப்போடு மாறும் பங்கை ஒப்பிட்டு ஆக்சிஜன் செறிவைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு வெறும் சூத்திரத்திலிருந்து வருவதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, அவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து, அதோடு ஒப்பிட்டு வரைந்த வளைகோடு ஒன்று மாட்யூலுக்குள் இருக்கிறது. சென்சாரிலுள்ள ஒளியுமிழியின் அலைநீளம் சற்று மாறினாலும் வளைகோடு தவறிவிடும். சில நிறுவனங்கள் இதற்காகச் சென்சாரின் முனைக்குள் ஒரு மின்தடையை வைத்து, தன் அலைநீளத்தை மாட்யூலுக்குத் தெரிவிக்கும்படி செய்கின்றன. இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சென்சாரின் முனை பொருந்தும், எண்ணும் வரும். அந்த எண் எந்த வளைகோட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்குதல் இருக்கும் இடத்தில், மாட்யூலோடு சென்சாரும் சேர்ந்துதான் பதிவு பெற்றது என்பதை வாங்குகிறவர் பார்க்க வழி வேண்டும்.

அந்தத் தன்னார்வலர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க நிர்வாகத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டி, சோதனையில் குறைந்தது 10 பேர் வேண்டும், அவர்களில் கருநிறத் தோல் உடையவர்கள் குறைந்தது இருவராவது அல்லது 15 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்றது. இரண்டு பேர்! 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. விரல் அளவு 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், ரத்தப் பரிசோதனையில் உண்மையான செறிவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 விழுக்காட்டு அளவீடுகளில். கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காட்டில். 2025 ஜனவரியில் அதே நிர்வாகம், கூடுதல் பேரையும் பல வகைத் தோல் நிறத்தவரையும் சோதனையில் சேர்க்கச் சொல்லும் புதிய வரைவை வெளியிட்டது. ஐ.எஸ்.ஓ. 80601-2-61 தரநிலையோ, 70 முதல் 100 வரையிலான செறிவில் பிழையின் அளவு 4-க்கு மேல் போகாமல் இருந்தால் போதும் என்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவீடுகள் உண்மையிலிருந்து 4 புள்ளிக்குள் இருந்தாலே தேர்ச்சி கிடைத்துவிடும். அந்தப் பிழை எல்லாத் தோலுக்கும் ஒரே மாதிரி பரவியிருக்கிறதா என்று நம் நாட்டில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

மலேசியாவில் எத்தனை நிறங்கள்! வெயிலில் காய்ந்த செம்பனைத் தொழிலாளியின் விரலுக்கும், பகலெல்லாம் குளிர்சாதன அறையில் இருப்பவரின் விரலுக்கும் ஒரே எண்ணை நம்பித்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். கோவிட் பெருந்தொற்றின்போது, 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான வாரங்களில், விரலில் மாட்டிய அந்தக் கிளிப் காட்டிய எண்ணை வைத்தே மருத்துவமனைக்குப் போவதா வீட்டில் இருப்பதா என்று குடும்பங்கள் முடிவெடுத்தன. ஆக்சிஜன் மாட்யூலுக்குப் பதிவு கேட்கிறவரிடம், எத்தனை பேரிடம், எந்தெந்தத் தோல் நிறத்தவரிடம் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். விடையைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதற்காக இங்கே புதிய ஆய்வகம் கட்ட வேண்டியதில்லை. உற்பத்தியாளரின் கோப்பில் அந்த எண் இருக்கிறது.

தாமதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்டிப்பைக் கேட்கிறவன் விரைவையும் கேட்கலாமா என்று தோன்றலாம். கேட்கிறேன். மாட்யூலுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லு (சிப்) ஒன்று சந்தையிலிருந்து மறைந்துபோனால், உற்பத்தியாளர் அதற்கு இணையான வேறொன்றைப் போடுவார். மாடல் எண் மாறாது, உள்திருத்த எண் மட்டும் மாறும். பெருந்தொற்றுக்குப் பின் வந்த சில்லுத் தட்டுப்பாட்டில் இந்த நெருக்கடியை எல்லாரும் பார்த்தோம். உலகில் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு நம் நாட்டில் நடக்கிறது. பினாங்கிலும் கூலிமிலும் அந்த ஆலைகளில் வேலை செய்வோரில் எங்கள் தோட்டப்புற நகரங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இணையான சில்லை மாற்றியதற்கும், எச்சரிக்கை மென்பொருளை மாற்றியதற்கும் ஒரே வரிசையில் காத்திருக்கும்படி ஆகிவிடக்கூடாது. முதலாவது, சோதனை அறிக்கையோடு வந்தால், விரைந்து முடியட்டும். இரண்டாவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய மருத்துவமனையில் ஒரு மாட்யூல் வரும்வரை அந்தப் படுக்கையில் மானிட்டர் இல்லை. பெரிய மருத்துவமனையில் பக்கத்து வார்டிலிருந்து கடன் வாங்கலாம். எங்கள் ஊர்களில் வாங்குவதற்குப் பக்கத்து வார்டில் கூடுதலாக எதுவும் இருக்காது.

கட்டணம் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதை நிறுவனங்கள் பேசிக்கொள்ளும்.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சி வகுப்பிலுள்ள மாட்யூல் வகை மானிட்டர்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பதிவெண்ணின் கீழும், எந்தத் தாய்க்கருவியோடு, எந்த மாட்யூலும் சென்சாரும், எந்த மென்பொருள் பதிப்பில் சேர்த்து மதிப்பிடப்பட்டன என்ற அட்டவணை பொதுமக்கள் தேடும் பக்கத்திலேயே இருக்கட்டும். மாற்ற அறிவிப்பு ஏற்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த அட்டவணை திருத்தப்பட்டு, திருத்திய தேதி அதில் தெரியட்டும். தனக்குத் தெரியாத மாட்யூலைச் செருகினால் தாய்க்கருவி என்ன செய்யும் என்பதைப் பதிவின்போதே விண்ணப்பதாரரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மறுக்கும் என்றால் மறுக்கும் என்று எழுதட்டும், மறுக்காது என்றால் அதுவும் வாங்குகிறவருக்குத் தெரியட்டும். ஒரு மாட்யூலின் உற்பத்தியை நிறுத்துகிற நிறுவனம், மாற்றாக எது செல்லும், அதற்குத் தாய்க்கருவியில் என்ன மென்பொருள் வேண்டும் என்பதை நிறுத்துவதற்கு முன்பே உங்களிடமும் மருத்துவமனைகளிடமும் அறிவிக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். சம்பவ அறிக்கைப் படிவத்தில், கருவியின் பெயரோடு மாட்யூலின் எண்ணையும் மென்பொருள் பதிப்பையும் எழுதுவதற்கு இடம் ஒதுக்குங்கள். எந்தச் சேர்க்கையில் கோளாறு நடக்கிறது என்பது அப்போதுதான் உங்கள் கண்ணிலும் படும்.

சுகாதார அமைச்சுக்கும் ஒரு வார்த்தை. 1997 முதல் அரசு மருத்துவமனைகளில் கருவிப் பராமரிப்பு ஒப்பந்த முறையில் நடக்கிறது. மாட்யூல் மாற்றியபின் எண் வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று சோதனைக் கருவி வைத்துப் பார்த்த பிறகே அது வார்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதுங்கள். அதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் போதும். சோதனைக் கருவி இல்லாத மருத்துவமனைக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.

அட்டவணை தயாரிக்கும் பணியில் களத் தொழில்நுட்பர்களின் உதவி தேவைப்பட்டால், எந்தச் சேர்க்கையில் என்ன கண்டேன் என்று நான் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை, மருத்துவமனைகளின் பெயர்களை நீக்கி, உங்களிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல் குறிப்பு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள். இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்கள் இணையத்தளத்திலேயே வெளியிடுங்கள், மற்றத் தொழில்நுட்பர்களும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்புத் தொழில்நுட்பர் ஒருவர்
சுங்கை சிப்புட், பேராக்